பிள்ளை என்ன செய்யுது?

காய்ச்சல்னு பிள்ளையத் தூக்கிட்டுப் போனா அந்த மனுசன் காய்ச்சலைப் பாக்க மாட்டாரு. நெத்தியில கை வைக்கிறதுக்கு முன்னாடி, நாக்கை நீட்டச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேப்பாரு.

"நோவு கெடக்கட்டும் தாயி. பிள்ளை என்ன செய்யுது?"

போடிமெட்டுலருந்து அம்புட்டு வளைவும் ஜீப்புல எறங்கி, வழியெல்லாம் வாந்தி எடுத்த பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு, நாறுற சேலையோட உக்காந்திருக்கவகிட்ட இதைக் கேட்டா என்னத்தைச் சொல்லுவா? அழுகுதுன்னு சொன்ன பொம்பளைக உண்டு. அது எனக்கே கேக்குது, அழுகாதப்ப என்ன செய்யுதுன்னு திருப்பிக் கேப்பாரு. குப்புற விழுகுதா, கையை ஊனுதா, ஆளைப் பாத்துச் சிரிக்குதா, ஒளிச்சு வச்ச சாமானைத் தேடுதா. எல்லாத்துக்கும் பதில் வந்தப்புறந்தான் குழல் கழுத்துலருந்து காதுக்கு ஏறும். வெளிய பெஞ்சுல காத்துக்கெடக்குற சனம் இந்த ஆளுக்கு வேற சோலி இல்லையான்னு முனங்கும். முனங்குனாலும் எந்திரிச்சுப் போகாது. அவரு மருந்து கேக்கும்.

பேரை நான் சொல்லப்போறதில்ல. போடியிலயும் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல, பிள்ளை டாக்டருன்னுதான். எழுபதுக்கு ஒண்ணு ரெண்டு வருசம் முன்னப்பின்ன வந்தாரு. தெக்குச் சீமைப் பேச்சு. பஸ்டாண்டுக்குப் பின்னால ரெண்டு ரூமு, வெளிய ஒரு பெஞ்சு, சீட்டுக் குடுக்க ஒரு ஆயா. வீடு மதுரையில இருந்துச்சு. சனிக்கெழமை சாயங்காலம் ரயிலேறிப் போயி திங்கக்கெழமை வந்துருவாரு. வீட்டுல யாரு என்னன்னு நாங்க கேட்டதில்ல, அவரும் சொன்னதில்ல.

பிள்ளையத் தாய் மடியிலருந்து எறக்கவே மாட்டாரு. தாயை நாக்காலியில உக்கார வச்சுட்டு, அவரு ஒரு குட்டை முக்காலியில பிள்ளை முகத்துக்கு நேரா உக்காருவாரு. அம்புட்டுப் பெரிய படிப்புப் படிச்சவரு நம்மளை விடக் கீழ உக்காந்திருக்காரேன்னு எனக்கு மொதல்ல கூச்சமா இருந்துச்சு. கையைத் தேச்சுச் சூடு பண்ணிட்டுத்தான் பிள்ளை மேல வைப்பாரு. மேசை டிராயருல ரெண்டு சாமான் இருக்கும். ஒரு டப்பா ஏலக்காய், ஒரு சாவிக்கொத்து. ஒத்தப் பூட்டுப் போட்ட ஆஸ்பத்திரிக்கு எட்டுச் சாவி எதுக்குன்னு ஆயாவே கேட்டிருக்கா.

ஏலக்காய் பத்து மாசப் பிள்ளைக்கு. மேசையில ஒரு காயை உருட்டி விடுவாரு. பெருவெரலும் ஆள்காட்டி வெரலும் சேத்துக் கிள்ளி எடுத்துச்சுன்னா அவரு மூஞ்சி மலந்துரும். வாயிக்குக் கொண்டு போறதுக்குள்ள வெடுக்குன்னு வாங்கிக்கிருவாரு. கையை விரிச்சு அள்ளுச்சுன்னா, இன்னும் ஒரு மாசம் போகட்டும், வீட்டுல சோத்துப் பருக்கையைப் போட்டு எடுக்கவிடுன்னுவாரு. ஒருக்க ஒரு எஸ்டேட்டுக்காரி, ஏலக்காய் ஸ்டோருல காய் தரம் பிரிச்சுப் பெறக்க ஆளு ரெடியாகிட்டான்னு சிரிச்சாளாம். அவ வெளிய வந்து சொன்னப்ப நாங்களும் சிரிச்சோம். அவரு சிரிக்கலையாம். காய் பெறக்குறதுக்கா வெரலுன்னு மட்டும் கேட்டாராம். 

சாவிக்கொத்து காதுக்கு. பிள்ளை எதையாச்சும் பாத்துக்கிட்டிருக்கப்ப பின்னால கொண்டுபோயிக் குலுக்குவாரு. பிள்ளை திரும்பும். அம்புட்டுத்தான். திரும்புன பிள்ளைகிட்ட, என்ன அப்பு, கேட்டுச்சான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு டிராயருல போட்டுருவாரு.

ஏலக்காய் யாவாரி ஒருத்தரு காருல வந்து எறங்குன கதையைப் போடியில ரொம்ப நாளு சொல்லிச் சிரிச்சாக. ஒரு வயசுப் பையன், சளி. இடுப்பு விட்டு எறங்காம ஆளு மாத்தி ஆளு தூக்கியே வளத்த பிள்ளை. காலை ஊனத் தெரியல. டாக்டரு சளிக்கு எழுதிக் குடுத்த சீட்டுலயே கீழ, தரை, காலையிலயும் சாயங்காலமும்னு எழுதிட்டாரு. காரு டிரைவரு சீட்டை மருந்துக்கடையில நீட்டிருக்கான். சிரப்பைக் குடுத்த கடைக்காரரு, ரெண்டாவது மருந்து உங்க மொதலாளி வீட்டுலயே கெடக்கு, பாயை விரிச்சு எறக்கி விடச் சொல்லுன்னுட்டாரு. யாவாரிக்கு ரோசம் வந்து வேற டாக்டருகிட்டப் போயிட்டாரு. பையன் மட்டும் ரெண்டே மாசத்துல நடந்துட்டான்.

ஆனா அவரு வந்த புதுசுல ஒரு கூத்து நடந்துச்சு. அதைச் சொன்னாத்தான் எங்கதை புரியும்.

அவரு என்ன கேட்டாலும் எங்க பொம்பளைக இல்லன்னுதான் சொல்லுவாக. தவழுற பிள்ளைய இன்னும் குப்புறக்கூட விழுகலம்பாக. ஓடுற பிள்ளைய நிக்கவே மாட்டேங்குதும்பாக. வேற ஒண்ணுமில்ல, கண்ணுக்குப் பயம். பின்னால பெஞ்சுல பத்துப் பேரு காதைத் தீட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கப்ப, எம் பிள்ளை அதைச் செய்யுது இதைச் செய்யுதுன்னு எவளாச்சும் வாய் விட்டுச் சொல்லுவாளா? தெக்குச் சீமையிலயும் கண்ணு உண்டு. ஆனா டாக்டருகிட்டக்கூடவா மறைப்பாகன்னு அவருக்குத் தோணல. போடியில பொறக்குற பிள்ளையில பாதிப் பிள்ளை வளத்தியில கொறையின்னு நெனச்சுப்புட்டாரு.

அதுல மாட்டுனவன் எம் மூத்தவன். எங்க வீட்டுக்காரவுக எஸ்டேட்டு ஜீப்பு ஓட்டுனாக. நான் ஏலக்காய் எடுக்கப் போவேன். மெட்டுக்கு அங்கிட்டு, கேரளாப் பக்கம் எஸ்டேட்டு வரிசை வீடு, லயத்துல குடியிருந்தோம். ஒம்பது மாசத்துல அவனுக்கு வயித்துப்போக்குன்னு கொண்டாந்தேன். உக்காருதான்னாரு, இல்லன்னேன். சாமானைக் கை மாத்துதான்னாரு, இல்லன்னேன். மூஞ்சி வாடிப்போச்சு மனுசனுக்கு. நோவு சரியானப்புறமும் வாராவாரம் கொண்டாரச் சொன்னாரு. நானும் வேலையை விட்டுட்டு ஜீப்புல எறங்கி எறங்கி ஏறுனேன். மூணாவது தடவை எம் மகன் அவரு கழுத்துல கெடந்த குழலைப் புடிச்சுக்கிட்டு, எம் மடியிலயே எந்திரிச்சு நின்னுட்டான்.

அவரு என்னையப் பாத்தாரு. ஏன் பொய் சொன்னன்னு கேட்டாரு. கண்ணு பட்டுரும்னு சொன்னேன். எங் கண்ணான்னாரு. உங்க கண்ணு இல்ல, பெஞ்சுல இருக்கவுக கண்ணுன்னேன். ஆயா வாயில சேலையை வச்சுக்கிட்டுச் சிரிச்சா. அவளும் அம்புட்டு நாளா அவருகிட்டச் சொல்லல, அவளும் எங்க ஊருக்காரிதான.

அடுத்த வாரமே அந்த ரூமுக்குக் கதவு போட்டாரு. ஒரு தாயி, ஒரு பிள்ளை, சாத்துன கதவு. உள்ள பேசுறது பெஞ்சுக்குக் கேக்காது. அப்பிடியும் எங்க சனம் உள்ளதச் சொல்லாதுன்னு தெரிஞ்சுதான் சாவியும் ஏலக்காயும் டிராயருக்கு வந்துச்சு. என்னைய மட்டும் தனியாச் சொன்னாரு. "மத்தவுக எப்பிடியோ போகட்டும். நீ எங்கிட்ட உள்ளதச் சொல்லிரு தாயி. உம் பேச்சை நான் குலுக்கிப் பாக்கல."

சரின்னேன். மூத்தவனுக்கு மூணு வயசு வரைக்கும் உள்ளதத்தான் சொன்னேன். அவரும் எம் பேச்சை எடுத்துக்கிட்டாரு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை வச்சு எழுதுவாரு. எம் மகன் அட்டையில எல்லாத்துக்கும் நேரா, அம்மா சொன்னதுன்னு இருக்கும். நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ. வாசிச்சுப் பாத்து எனக்குப் பெருமையா இருந்துச்சு.

அப்புறம் மக பொறந்தா.

மூத்தவன் கைப்பிள்ளையா இருக்கப்பவே டாக்டரு சொல்லிருந்தாரு, பிள்ளைக்குப் புரியுதோ இல்லையோ பேசிக்கிட்டே இருன்னு. தண்ணி ஊத்துறப்ப தண்ணி ஊத்துறேன்னு சொல்லு, வெறகு ஒடிக்கிறப்ப வெறகு ஒடிக்கிறேன்னு சொல்லுன்னு. மகளுக்கு நான் அப்பிடித்தான் பேசுனேன். ஏலச்செடி அடியில குனிஞ்சு காய் எடுக்குறப்ப, முதுகுல கட்டியிருந்த பிள்ளைகிட்டக் காய் காயாப் பேசுனேன். பக்கத்து வரிசைக்காரிக என்னையக் கேலி பண்ணுவாக. அவ சிரிப்பா. கையைக் காலை ஆட்டுவா. மூஞ்சியைப் பாத்துப் பாத்துச் சிரிப்பா. அந்தப் பேச்செல்லாம் எங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

எட்டு மாசத்துல அவளைப் பிள்ளைக் கொட்டகையில விட்டேன். வேலைக்காரப் பொம்பளைக பிள்ளைகளையெல்லாம் ஒரு ஆளு பாத்துக்கிற கொட்டகை. அப்ப மெட்டு ரோட்டுல வளைவை அகலப்படுத்துறோம்னு பாறைக்கு வெடி வச்சுக்கிட்டிருந்தாக. ஒரு மத்தியானம் பால் குடுக்கப் போயிருந்தேன். வெடிச்சுச்சு. கொட்டகைக் கூரையிலருந்து தூசி கொட்டுச்சு. அங்க கெடந்த பிள்ளைக அத்தனையும் உடம்பு தூக்கிப்போட்டு ஒரே நேரத்துல அலறுச்சுக. எம் மக கூரை ஓட்டை வழியா விழுகுற வெயிலைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டுக் கெடந்தா.

நான் பாத்தேன். பாத்துட்டு அவளைத் தூக்கிப் பால் குடுத்தேன். பிள்ளைகளைப் பாத்துக்கிறவ, ஒம் மக தங்கம், சத்தத்துக்கு அசைய மாட்டான்னா. ஆமான்னேன்.

மூணு நாளு கழிச்சு மகளுக்கு வயித்துப்போக்கு. தண்ணியாப் போச்சு. எங்க வீட்டுக்காரவுக லோடு எடுக்கப் போடிக்கு வந்த ஜீப்புலயே என்னையும் பிள்ளையையும் கொண்டாந்து எறக்கிட்டு, வெரசா வா, மூணு மணிக்கு ஏறணும்னாக. போடி பூராவும் அந்த வாரம் பிள்ளைகளுக்கு அதே சீக்கு. பெஞ்சு நெறஞ்சு தரையிலயும் உக்காந்திருந்தாக. டாக்டரு சட்டை வேர்வையில ஒட்டிக்கெடந்துச்சு. அப்பிடியும் கேட்டாரு. நோவு கெடக்கட்டும் தாயி, பிள்ளை என்ன செய்யுது?

உக்காருறாள்னேன். நெசம். சாமானைக் கை மாத்துறாள்னேன். நெசம்.

"கூப்பிட்டாத் திரும்புறாளா?"

அவரு கை டிராயருக்குள்ள போயிருச்சு. சாவி எடுத்துட்டாரு.  அதைக் குலுக்குனா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். குலுக்காத வரைக்கும் ஒண்ணும் நடக்கல.

"நல்லாத் திரும்புறா டாக்டரு. ஜீப்பு நிக்குது."

ஜீப்பு நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஆனா அதுக்காகச் சொல்லல. அவரு என்னையப் பாத்தாரு, சரின்னாரு. சாவியை மேசையில வச்சுட்டு அட்டையில எழுதுனாரு. உப்பும் சீனியும் கரைச்ச தண்ணி எப்பிடிக் குடுக்கணும்னு சொன்னாரு. நான் ஜீப்பேறிட்டேன்.

அதுக்கப்புறம் ஒன்றரை வருசம் நான் அந்தப் பக்கம் போகல. சளின்னா எஸ்டேட்டு கம்பவுண்டரு, காய்ச்சல்னா போடியில வேற டாக்டரு. வேற டாக்டருக யாரும் பிள்ளை என்ன செய்யுதுன்னு கேக்கல. எனக்கு அது போதுமாயிருந்துச்சு. லயத்துல, பொட்டப்பிள்ளை மெதுவாத்தான் பேசும்னாக சில பேரு. பக்கத்து வீட்டு மலையாளத்துச் சேச்சி மட்டும் ஒரு நாளு காதைத் தொட்டுக் காட்டி என்னமோ கேட்டா. புரியாத மாதிரி இருந்துட்டேன்.

ரெண்டே கால் வயசுல மகளுக்கு விடாம காய்ச்சல் அடிச்சுச்சு. எங்க வீட்டுக்காரவுக என்னையக் கேக்காமலே ஜீப்பைப் பிள்ளை டாக்டரு வாசல்ல கொண்டாந்து நிப்பாட்டிட்டாக. உள்ள போனேன். அவரு அந்தக் கேள்வியைக் கேட்டாரு. நான் மக நெத்தி வேர்வையைத் தொடச்சுக்கிட்டிருந்தேன்.

அவரு சாவியை எடுத்தாரு. எந்திரிச்சு எங்களுக்குப் பின்னால வந்தாரு. வலது பக்கம் சாவியைக் குலுக்குனாரு. எடது பக்கம் குலுக்குனாரு. மக மேசையில கெடந்த ஏலக்காயை ரெண்டு வெரல்ல எடுத்து வச்சு, எடுத்து வச்சு வெளையாடிக்கிட்டிருந்தா. மருந்துத் தட்டைத் தூக்கித் தரையில போட்டாரு. ஆயா என்னமோ ஏதோன்னு கதவைத் தொறந்துக்கிட்டு ஓடியாந்தா. மக ஏலக்காயைத்தான் பாத்துக்கிட்டிருந்தா.

அவரு போயி அட்டைப் பெட்டியில தேடி அவ அட்டையை எடுத்தாரு. திரும்புகிறாள், அம்மா சொன்னது. எனக்குத் தலைகீழாத் தெரிஞ்சாலும் வாசிச்சுட்டேன். இப்பத் திட்டுவாரு, இப்பத் திட்டுவாருன்னு உக்காந்திருந்தேன். திட்டியிருந்தா அழுதிருப்பேன். அழுதிருந்தா கொஞ்சம் எறங்கியிருக்கும்.

"நான் குலுக்கிப் பாத்திருக்கணும்," அப்பிடின்னாரு.  காய்ச்சலுக்கு மருந்து எழுதுனாரு. மதுரையில காது டாக்டருக்கு ஒரு லெட்டரு எழுதுனாரு. அன்னையிலருந்து எனக்குள்ள ஒரு எடம் மரத்துப்போச்சு. பல்லுப் புடுங்க ஊசி போட்ட எடத்தைத் தொட்டா தொடுறது தெரியும், வலி தெரியாது பாருங்க, அப்பிடி.

காய்ச்சல் விட்டப்புறம் ஒரு சனிக்கெழமை மதுரைக்குப் போனோம். எங்க வீட்டுக்காரவுகளுக்கு லீவு இல்ல. நானும் மகளும் ரயில்ல உக்காந்திருக்கோம், அதே பெட்டியில பிள்ளை டாக்டரு ஏறி எதுத்தாப்புல வந்து உக்காந்தாரு. வழி பூராவும் எம் மககூடப் பேசிக்கிட்டே வந்தாரு. வாயைத் தொறந்து, கண்ணை விரிச்சு, சன்னல் வெளிச்சம் மூஞ்சியில விழுகுற மாதிரி உக்காந்துக்கிட்டு. அவ அவரு மூஞ்சியை விட்டுக் கண்ணை எடுக்கல. தேனி தாண்டுனப்புறம் எங்கிட்டச் சொன்னாரு. மூஞ்சியை வெளிச்சத்துல வச்சுப் பேசு, கையால வாயை மறைக்காத, குனிஞ்சுக்கிட்டுப் பேசாத. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேன். கடைசியா ஒண்ணு சொன்னாரு.

"இனி இவளுக்கு உம் மூஞ்சிதான் பேச்சு. அதுல உள்ளதத்தான் வைக்கணும் தாயி. மூஞ்சியும் பொய் சொல்லுச்சுன்னா அவளுக்கு எதுவுமே மிச்சமில்ல."

மதுரை டாக்டரு சோதிச்சுப் பாத்துட்டு, காதுல மெசினு மாட்டுனா இடி மாதிரி சத்தம் கொஞ்சம் கேக்கும்னாரு. முன்னாடியே வந்திருந்தாப் பேச்சு வந்திருக்குமான்னு கேட்டேன். வந்திருக்கும்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாதுன்னாரு. அந்தப் பதிலை நான் எத்தனையோ வருசமா கையில வச்சுக்கிட்டிருக்கேன். எந்தப் பக்கம் புடிச்சாலும் புடிபடல. நெஞ்சுல தொங்குற பொட்டியும் காதுக்கு ஒயருமா ஒரு மெசினு குடுத்தாக. அஞ்சு வயசுல மதுரையிலயே காது கேக்காத பிள்ளைக பள்ளிக்கூடத்துல சேத்தோம். லீவுக்கு லீவு மலைக்கு வருவா.

அதுக்கப்புறம் பிள்ளை டாக்டரு ஆளு மாறிட்டாரு. கேள்வி இருந்துச்சு, ஆனா சாவிக்கு அப்புறந்தான் கேள்வி. கதவுக்குள்ள நொழையுற பிள்ளை எதுவானாலும் மொதல்ல குலுக்குவாரு. எட்டு வயசுப் பையன் முழங்காலைப் பேத்துக்கிட்டு வந்தாலும் பின்னால போயிக் குலுக்குவாரு. டாக்டருக்குக் கிறுக்குப் புடிச்சுருச்சுன்னு போடியில சிரிச்சாக. தாய் சொல்லுறதை அவரு நம்புறதே இல்லன்னு ஆயா எங்கிட்ட வருத்தப்பட்டா. எதுனால அப்பிடி ஆனாருன்னு அந்த ஊருல எனக்கு மட்டுந்தான் தெரியும். நான் சொல்லல.

மகளுக்கு ஆறு வயசுல சின்னவன் பொறந்தான். அவனுக்கு ஏழு மாசம் இருக்கப்ப சளி, இழுப்பு. மக லீவுக்கு வந்திருந்தா, அவளையும் கூட்டிக்கிட்டுப் போனேன். டாக்டரு சின்னவன் பின்னால சாவியைக் குலுக்குனாரு. அவன் வெடுக்குன்னு திரும்புனான். எனக்கு உசுரு வந்திருக்கணும். வரல. அவன் திரும்புனான்னு மட்டும் தெரிஞ்சுச்சு.

மக ஓரமா நின்னு இதைப் பாத்துக்கிட்டிருந்தா. சாவி ஆடுது, தம்பி திரும்புறான், டாக்டரு சிரிக்கிறாரு. பாத்துட்டு மெதுவா வந்து நெஞ்சுல தொங்குன பொட்டியைக் கழட்டி, ஒயரைச் சுத்தி மேசையில வச்சா. சாவிக்கொத்தை எடுத்து எங் கையில குடுத்தா. அப்புறம் எனக்கு முதுகு காட்டி, செவுத்தைப் பாத்து நின்னுக்கிட்டா. ரெட்டைச் சடை, பள்ளிக்கூடத்து ரிப்பனு. தோளை நிமுத்திக்கிட்டுப் பரீச்சைக்கு நிக்கிற மாதிரி நின்னா.

டாக்டரு முக்காலியில உக்காந்தபடியே என்னையப் பாத்தாரு.  நான் குலுக்கவே இல்ல. சாவியைப் புடிச்சுக்கிட்டு அப்பிடியே உக்காந்திருக்கேன், அவளாத் திரும்பிட்டா. திரும்பி, புருவத்தைத் தூக்கி எம் மூஞ்சியைப் பாத்தா. சரியாத் திரும்புனேனான்னு கேக்குறா.

நான் தலையாட்டுனேன். ஆமா, சரியாத் திரும்புனன்னு. சிரிக்கவும் செஞ்சேன்.

அவ எம் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே நின்னா. எங் கையைப் பாத்தா. அப்புறம் டாக்டரு பக்கம் போயி, அவருக்கு நேரா நின்னு அதே மாதிரி புருவத்தைத் தூக்குனா. அவரு அவளைப் பாத்தாரு. பாத்துட்டு, ரெண்டு பக்கமும் தலையாட்டுனாரு. இல்லன்னு.

அவ அழுகல. சரின்னு ஒரு தலையாட்டு ஆட்டிட்டு, மேசையில இருந்த பொட்டியை எடுத்து மாட்டிக்கிட்டா. தம்பி கையில ஒரு ஏலக்காயைக் குடுத்தா. டாக்டரு அவன் வாயிக்குப் போறதுக்குள்ள வாங்கிக்கிட்டாரு.

எனக்குக் கோவம் வந்துச்சு. அத்தனை வருசத்துல அவருகிட்ட நான் கோவப்பட்டது அன்னைக்கு மட்டுந்தான். ஆறு வயசுப் பிள்ளைகிட்ட அப்பிடியா சொல்லுவீகன்னு கேட்டேன். பதிலுக்கு அவரு சத்தம் போடல.

"அவ கேட்டது உன்னையத்தான் தாயி. உங்கிட்டக் கெடைக்காமத்தான் எங்கிட்ட வந்தா."

சின்னவனுக்கு எழுதுன சீட்டை வாங்கிக்கிட்டு வெளிய வந்துட்டேன். மருந்துக்கடையில நிக்கிறப்ப மக எங் கையைப் புடிச்சுக்கிட்டுத்தான் நின்னா. கையைப் பத்தி நான் ஒரு குத்தமும் சொல்ல முடியாது. சோறு போட்டாச் சாப்பிடுவா, தலை பின்னச் சொன்னா உக்காருவா, தூங்குறப்ப எம்மேல காலைப் போட்டுக்குவா. எங்கிட்ட ஒண்ணு கேக்குறது மட்டும் இல்ல. எதையாச்சும் தெரிஞ்சுக்கணும்னா அண்ணன் மூஞ்சியைப் பாப்பா, அப்பன் மூஞ்சியைப் பாப்பா, கடைக்காரரு மூஞ்சியைக்கூடப் பாப்பா. எம் மூஞ்சிக்கிட்ட வந்ததும் கண்ணு தாண்டிப் போயிரும்.

பிள்ளை டாக்டரு எண்பதுக்கு மேல அஞ்சாறு வருசம் கழிச்சுப் போடியை விட்டுப் போயிட்டாரு. போறதுக்கு முன்னாடி ஒருக்க சின்னவனுக்கு அம்மைத் தழும்பு காட்டப் போயிருந்தேன். கதவைச் சாத்திட்டு மக அட்டையை எடுத்தாரு. அவளுக்குப் பன்னெண்டு வயசு, எந்த நோவும் இல்ல, அவ அங்க இல்லவும் இல்ல. பிள்ளை என்ன செய்யுதுன்னு கேட்டாரு. எல்லாம் செய்யுறா, நல்லாப் படிக்கிறா, சட்டை தைக்கிறா, எங்கிட்ட மட்டும் எதையும் கேக்க மாட்டேங்கிறாள்னேன். அவரு பேனாவை எடுத்து அதை அப்பிடியே எழுதுனாரு. அம்மா சொன்னதுன்னு போட்டு ஒரு கோடு இழுத்தாரு. சாவியைத் தேடல.

அதுக்கு அடுத்த வருசம் மக லீவுக்கு வந்திருந்தா. நான் அடுப்படியில இருந்தேன். காலையில ஒரு ஒம்பது மணி இருக்கும். பின்பக்கமிருந்து வந்தா. பாவாடையைக் கையில சுருட்டிப் புடிச்சிருந்தா, மூஞ்சி வெளிறிக் கெடந்துச்சு. வயசுக்கு வந்துட்டாள்னு எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. கரண்டியைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சேன். அவ என்னைய ஒரு பார்வை பாத்தா, பாத்துட்டு என்னையத் தாண்டிப் பக்கத்து வீட்டுச் சேச்சிகிட்டப் போயி, சேச்சி மூஞ்சிக்கு நேரா நின்னு புருவத்தைத் தூக்குனா. சேச்சி பாவாடையைப் பாத்தா, அவ மூஞ்சியைப் பாத்தா. பேடிக்கண்டா மோளே, பயப்படாத மகளேன்னு அவ பாசையில சொல்லிச் சிரிச்சு, ரெண்டு கையாலயும் அவ கன்னத்தைப் புடிச்சுக்கிட்டா. மகளுக்கு மூஞ்சியில ரத்தம் திரும்புனது வாசல்ல நின்ன எனக்கே தெரிஞ்சுச்சு.

எங்கிட்டக் கேட்டிருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஒண்ணுமில்ல ஆத்தா, எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு தலையாட்டியிருப்பேன். அன்னைக்கு அது நெசம்.